பூட்டுத் தொங்கும் வீடுகள்

(திண்டுக்கல்லில் இயக்கத் தோழர்களுக்கென நடைபெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடை ஏறுவதற்குச் சற்று முன்னர், குசிலியம்பாறைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் இளைஞர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "அண்ணே! ஊரிலேயே இருப்பதா, திருப்பூருக்குப் போய்விடுவதா? நீங்கள் ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்டார். அவர் அந்த ஊரின் கிளைச் செயலாளர். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். ஒரு கிணறு — கிணறு உண்டு, நீர் இல்லை! தங்கை விடியுமுன் ஆலை வண்டியேறி வேடசந்தூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறாள். நான் பேச எண்ணி வந்த பொருள் வேறு. ஆனால் அந்த இளைஞரின் கேள்வி, எழுதி வைத்த குறிப்புகளை மடித்துப் பைக்குள் போடச் செய்துவிட்டது.

திண்டுக்கல் என்றதும் நாட்டார் நினைவுக்கு வருவது எது? பூட்டு! மாங்காய்ப் பூட்டு என்றால் மார்தட்டிக்கொண்டவர்கள் நாம். கள்ளச்சாவிக்கு மசியாத பூட்டு என்று கடல் கடந்தும் பேர் வாங்கியது. 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. பெற்று என்ன பயன்? பட்டறைகள் தேய்ந்தன, பழகிய கைகள் ஓய்ந்தன, அலிகாரிலிருந்து வரும் மலிவுப் பூட்டு கடைத்தெருவைப் பிடித்துக்கொண்டது. இது ஒரு பக்கம். மறுபக்கம் பாருங்கள்: குசிலியம்பாறை, வேடசந்தூர், சாணார்பட்டி வட்டாரங்களில் ஊருக்குள் நடந்து சென்றால், பட்டப்பகலில் பூட்டுத் தொங்கும் வீடுகள் எத்தனை! வீட்டார் திருப்பூரில், கோவையில், சென்னையில். பொங்கலுக்கு ஒருமுறை திறக்கப்படும் கதவு. திருவிழாவுக்கு ஒருமுறை தெளிக்கப்படும் வாசல். பூட்டுச் செய்யும் தொழில் குறைந்த மாவட்டத்திலே, பூட்டிய வீடுகள் பெருகின. விந்தையல்லவா?

இப்படிச் சிற்றூரை விட்டுச் சிலர் புறப்பட்டுக்கொண்டிருக்க, சிற்றூரைத் தேடி வேறு சிலர் வந்துகொண்டிருக்கிறார்கள். சிறுமலைக்குப் போய்ப் பாருங்கள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், எலுமிச்சை, பலா, காப்பி, மலைவாழை. அங்கே இன்றும் குதிரையின் முதுகிலே மூட்டையேற்றி விளைபொருளைச் சாலைக்குக் கொண்டுவரும் உழவர் உண்டு. படமெடுக்க வருவோருக்கு அது பார்க்க அழகு. குதிரைக்குப் பின்னால் நடப்பவனுக்கு அது முழங்கால் வலி! அந்தக் குதிரைத் தடத்துக்குப் பக்கத்திலேயே, நகரத்துச் செல்வர் நிலம் வாங்கி, வேலி போட்டு, விடுதி கட்டி, சனிக்கிழமை மாலை காரிலே வருகிறார், "ஆகா! என்ன காற்று! என்ன அமைதி! வாழ்ந்தால் இங்கன்றோ வாழவேண்டும்!" என்கிறார். திங்கட்கிழமை காலையில் அவர் அங்கே இல்லை. அவர் கிராமத்தில் தங்கினார், தோழர்களே, வாழவில்லை. திரும்பிச் செல்ல வண்டி வைத்திருப்பவனுக்குத் தனிமை ஓர் இன்பம். வண்டி இல்லாதவனுக்கு அதே தனிமை ஓர் அடைப்பு.

ஆயினும் அந்தச் செல்வர் சொல்வது பொய் என்று தள்ளிவிட மாட்டேன். நம் மேடைகளிலே கிராமத்தை இருட்டென்றே வருணித்துக் கைதட்டு வாங்கிப் பழகிவிட்டோம். அதுவும் முழு உண்மையன்று. குடியிருக்கச் சொந்தக் கூரை. வாடகைக்காரனின் முகம் பார்க்கத் தேவையில்லாத வாசல். புறக்கடையிலே ஒரு முருங்கை. கட்டுத்தறியிலே இரண்டு வெள்ளாடு. கையில் காசில்லாத வாரத்திலும் கடன் கொடுக்கும் பெட்டிக்கடை. பிள்ளையை விட்டுவிட்டுக் களையெடுக்கப் போனால், கேட்காமலே பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பாட்டி. நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறிக்கும் பெண்களைக் கேளுங்கள். விரல் நோகிறது என்பார்கள், விலை இல்லை என்பார்கள், ஆனால் ஊரை விட்டுப் போ என்றால் முறைப்பார்கள். சென்னையிலே ஓர் அறையில் ஆறு பேராய்ப் படுத்துறங்கும் இளைஞன் கனவிலே காண்பது கடற்கரையை அல்ல. தன் ஊர் வேப்பமரத்தைத்தான். இந்த ஈர்ப்பை நாம் ஏளனம் செய்தால், நம் மக்களின் நெஞ்சம் நமக்குத் தெரியவில்லை என்று பொருள்.

ஆனால் இந்த இன்பத்துக்கு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே அரசியல்.

தொலைவு என்பது ஒரு வரி, தோழர்களே! எந்தச் சட்டமன்றமும் விதிக்காத வரி. எந்த வரவு செலவுத் திட்டத்திலும் காணப்படாத வரி. இரவு பத்து மணிக்குக் கொல்லையிலே ஒருவனைப் பாம்பு கடிக்கிறது. நகரத்தானுக்கும் அதே நஞ்சு, அதே உடல். ஆனால் நகரத்தானுக்கு மருத்துவமனை பத்து நிமிடம். நம்மவனுக்கு? 2008 செப்டம்பரில் 108 ஊர்தி வந்த பிறகு நிலைமை பெரிதும் மாறியது. முன்னே கட்டிலைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆனாலும் ஊர்தி சாலை வரையில்தான் வரும். சாலையிலிருந்து வீடு வரை யார் வருவார்? இதே மாவட்டத்தில், கொடைக்கானல் சரிவிலே, வெள்ளகவி என்றோர் ஊர். தலைமுறை தலைமுறையாகச் சாலையின்றிக் கிடந்த ஊர். பேறுகாலப் பெண்ணையும் நோயாளியையும் டோலி கட்டிக் காட்டு வழியே சுமந்து சென்ற ஊர். நடைப்பயணம் செய்வோர் அவ்வூரின் அழகை வியந்து வியந்து எழுதுகிறார்கள். டோலியிலே படுத்துக்கொண்டு போனவர்கள் எழுதியதை நான் கண்டதில்லை.

விளைச்சலிலும் அதே வரிதான். அய்யலூர்ச் சந்தைக்கும் ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் தக்காளி கொண்டு போனவன், விலை வீழ்ந்த நாளில், பறிகூலியும் வண்டிக்கூலியும் கட்டாமல் சாலையோரம் கொட்டிவிட்டுத் திரும்புவதை நாம் பார்த்திருக்கிறோம். நகரத்திலே அவன் தக்காளி விலை குறைந்தது என்று ஒருவர் மகிழ்கிறார். தண்ணீரும் அப்படியே: ஆத்தூர் காமராசர் அணையின் நீர் திண்டுக்கல் நகரத்தின் தாகம் தீர்த்தது, சுற்றியுள்ள மானாவாரிக் காட்டிலோ ஆயிரம் அடி துளைத்து, கடன் வாங்கி, காற்றுதான் வந்தது என்று கைபிசைந்து நிற்பவர் எத்தனையோ பேர்.

சாதியைச் சொல்லாமல் கிராமத்தைப் பற்றிப் பேசுவது, உப்பைச் சொல்லாமல் கடலைப் பற்றிப் பேசுவது போன்றது. 1948 நவம்பர் 4ஆம் நாள், அரசியல் நிர்ணய சபையிலே, கிராமத்தை அரசமைப்பின் அடிப்படை அலகாக்கவில்லையே என்று குறைகூறியவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் அளித்த மறுமொழியை நினைவுகூருங்கள். குறுகிய பற்றுக்கும் அறியாமைக்கும் வகுப்புவாதத்துக்கும் உறைவிடமாய் இருப்பதை ஏன் போற்றவேண்டும் என்று அவர் கேட்டார். தனிமனிதனையே அலகாகக் கொண்டதற்காக மகிழ்ந்தார். தந்தை பெரியாரும் கிராமம், நகரம் என்ற பிரிவே வருணப் பிரிவைப் போன்றது என்று கண்டித்தார். ஒருசாரார் உழைத்துக் கொட்ட, மற்றொரு சாரார் இருந்து அனுபவிக்கும் ஏற்பாடு என்று காட்டினார். ஊரென்றும் சேரியென்றும் இரண்டாய்க் கிடக்கும் இடத்தில், "பக்கத்து வீட்டுப் பாட்டி" எல்லோருக்கும் ஒரே பாட்டி அல்லள். சற்றுமுன் நான் அடுக்கிய இன்பங்களின் பட்டியலை, சேரியில் பிறந்த தோழர் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் இதழோரம் ஒரு புன்னகை தோன்றியிருக்கும். அந்தப் புன்னகைக்கு நான் தலைவணங்குகிறேன். யார் மகன் என்று கேளாமல் தேநீர் கொடுக்கும் கடை, அவருக்கு நகரத்தின் முதல் பரிசு. அதற்காக நகரம் தூய்மையானது என்று எண்ணிவிடாதீர்கள்! வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள், இரண்டாவது கேள்வியிலேயே "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று வரும்.

காந்தியார் கண்ட கிராமக் கனவையும் நேர்மையாகப் பார்ப்போம். அதைச் சோதித்த களம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1947இல், சின்னாளபட்டிக்கு அருகே, டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். 1956இல் கிராமியக் கல்வி நிலையம். 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அம்மையார் காங்கிரசுக்காரர், 1952இல் ஆத்தூர்த் தொகுதியிலும் 1962இல் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியிலும் வென்றவர். அந்தக் கொடிக்கு எதிர்க்கொடி பிடித்தவர்கள் நாம். ஆனாலும் சொல்கிறேன்: டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள், இளம் வயதில் கைம்மை உற்று, மருத்துவம் பயின்று, சாதி கடந்து மறுமணம் புரிந்து, விரும்பினால் மதுரை மாளிகையிலே வாழ்ந்திருக்கக் கூடியவர், இந்த வறண்ட நிலத்துக்கு வந்து தங்கிவிட்டார். வந்தவர் கிராமத்தைப் பார்த்துக் கவி பாடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு சிறு மருத்துவ விடுதி, பிறகு கஸ்தூரிபா மருத்துவமனை, தாய்சேய் நலம், பெண்களுக்குப் பயிற்சி. கிராமத்தை மிகவும் நேசித்தவர்களே, நகரத்தில் உள்ளதைக் கிராமத்துக்குக் கொண்டுவராமல் அங்கே மனிதர் வாழ முடியாது என்பதைச் செயலால் காட்டினார்கள். காந்தியாரும் பெரியாரும் கருத்திலே எதிரெதிர்த் திசைகள். சின்னாளபட்டி மருத்துவமனை வாசலிலே குழந்தையோடு நின்ற தாய்க்கு அந்தத் தகராறு தெரியாது.

நகரமோ, ஆலையோ சொர்க்கமா? தோல் பதனிடும் தொழில் திண்டுக்கல்லுக்குக் கூலியும் கொடுத்தது. நிலத்தடி நீரைக் கெடுக்கவும் செய்தது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளிலே, மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை, திருமணத்துக்கு உதவும் என்று ஆசைகாட்டி, ஏழைப் பெண்களை விடுதிக்குள் வைத்து வேலை வாங்கிய திட்டத்துக்குச் 'சுமங்கலி' என்று பெயர் வைத்தார்கள்! 2021 சனவரியிலே, இம்மாவட்டத்து ஆலையொன்றில் வேலை செய்த, ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி கொல்லப்பட்டாள். அதன்பின் பெண் தொழிலாளர் தம் சங்கத்தின் வழியே போராடி, 2022 ஏப்ரலில், பணியிடப் பாலியல் கொடுமைக்கு எதிராய் 'திண்டுக்கல் உடன்படிக்கை' என்ற பெயரிலேயே ஓர் உடன்படிக்கை கண்டார்கள். பூட்டுக்குப் பேர் போன ஊர், உலகத்துத் தொழிற்சங்கத்தார் நாவிலே அதன்பின் அந்த உடன்படிக்கையாலும் பேசப்படுகிறது. அந்தப் பெண்களில் பலர் விடுதிப் பெண்களல்லர். ஊரிலிருந்து வண்டியில் வந்து போகிறவர்கள். ஊரில் குடியிருப்பு, ஆலையில் பிழைப்பு. இருக்கலாமா போகலாமா என்று நாம் வாதிட்டுக்கொண்டிருக்கையில், அவர்கள் இரண்டையும் நாள்தோறும் ஒரே உடலில் சுமக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேருக்கு மேல் நகர்ப்புறத்தார் என்று 2011 கணக்கெடுப்பு கூறிற்று. ஆனாலும் பிற மாநிலங்களைப் போல் இங்கே சிற்றூர் முற்றும் துண்டிக்கப்பட்டுக் கிடக்கவில்லை, ஏன்? பேருந்து! 1972இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம். 1997இல் பெரிய வண்டி நுழையாத ஊர்களுக்குச் சிற்றுந்து. 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம். ஊரைவிட்டு ஓடாமலே நகரத்தின் கல்லூரியையும் மருத்துவரையும் வேலையையும் அடையும் உரிமை, அந்தப் பயணச்சீட்டில்தான் இருக்கிறது. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் முதன்முதலாய் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது, திண்டுக்கல்லும் அவற்றில் ஒன்று. 2022 சனவரியில் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவையெல்லாம் பெருமைகள்தாம். ஆனால் மருத்துவக் கல்லூரி திண்டுக்கல்லில் இருந்து, மாலை ஆறரை வண்டி ஊருக்கு வராமல் போனால், அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஊரார் என்ன செய்வது?

இப்போது, அந்த இளைஞருக்கு வருகிறேன்.

"போகாதே, மண்ணை விடாதே, ஊர்தான் உயிர்" என்று நான் முழங்கலாம். கைதட்டுவீர்கள். ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இந்தக் கூட்டம் முடிந்ததும் நகரத்தில் என் அறைக்குத் திரும்பப் போகிறவன் நான். சிறுமலை விடுதிக்காரரை இவ்வளவு நேரம் இடித்துரைத்துவிட்டு, அவர் சொன்னதையே மேடைத் தமிழில் நான் சொல்வதா? வறண்ட கிணற்றைக் காவல் காக்க ஓர் இளைஞனின் பத்தாண்டுகளைக் கேட்பது கொடுமை. அதே நேரத்தில் ஒன்றை மறைக்கவும் மாட்டேன். அவ்வூரிலே மனு எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று ஒன்றியத் தோழர்கள் சொல்கிறார்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோனால் அவரிடம் வருகிறார்கள். சுடுகாட்டுப் பாதை அடைபட்டால் அவரிடம் வருகிறார்கள். அவர் வீட்டிலும் பூட்டுத் தொங்கினால், அன்று பூட்டப்படுவது ஒரு வீடு மட்டும் அல்ல. இந்த இரண்டையும் அவர் தட்டிலே வைத்துவிட்டேன். எடை போடவேண்டியவர் அவர். போனால் நம் இயக்கம் அவரைத் துரோகி என்னாது. திருப்பூரிலும் கிளை உண்டு, அங்கே மனு எழுதத் தெரிந்தவர் தேவையும் உண்டு.

உங்களுக்கு ஒரு வேலை. ஒவ்வொரு கிளையும் தன் ஊருக்கு ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டிய வீடுகள் எத்தனை? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, ஊர்வரை வருகிறதா, பிரிவிலேயே திரும்புகிறதா? இரவில் மருத்துவர் இருக்கும் இடம் எவ்வளவு தொலைவு? பள்ளியிலே பிள்ளைகள் எத்தனை பேர்? சேரிக்குத் தனிக் குழாயா, ஒரே குழாயா? கடைசிக் கேள்விக்கு உள்ளபடியே எழுதுங்கள். நம் தோழர் வீட்டு வாசலைப் பற்றியதாக இருந்தாலும் எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தத் தாள்கள் வந்து சேரவேண்டும்.

குசிலியம்பாறைத் தோழர் முதல் தாளை வாயாலேயே கொடுத்துவிட்டார்: அவர் ஊருக்குரிய மாலை வண்டி, இரண்டு கல் முன்னதாக முக்குரோட்டிலேயே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறதாம். ஆலையிலிருந்து வரும் பெண்கள் அந்த இரண்டு கல்லையும் இருட்டிலே நடக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அவர் தங்கை. நாளைக் காலை பத்து மணிக்கு அவரோடு நானும் பணிமனை மேலாளரைப் பார்க்கப் போகிறேன். வர இயன்ற தோழர்கள் பேருந்து நிலைய வாசலில் ஒன்பதரைக்கு நில்லுங்கள். மகளிர் அணித் தோழியர் நாலு பேராவது வரவேண்டும்.