கடல் கடந்து அணிக்கலை கற்றல்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். கல்வியின் பெருமை நீவிர் அறியாததன்று. ஆதலின் அதனை விரியாது, நம் குடும்பங்களில் இஞ்ஞான்று எழுந்துள்ள ஒரு வினாவையே எடுத்துக்கொண்டோம். உத்தியோகத்தில் அமர்ந்து சில்லாண்டு பொருளீட்டிய ஒருவர், அதனை இடையே நிறுத்திப் பிறநாடு சென்று, கைப்பை, காலணி, அரைக்கச்சை முதலியவற்றின் உருவமைப்புக் கலையைக் கற்கலாமோ என்பதே அது. நம் சங்கத்து மகளொருத்தி இதன்பொருட்டுக் கல்வி நிதியினின்று கடன் வேண்டியுள்ளாள். "உள்ள வேலையை விட்டுப் பை தைக்கவோ சீமைக்குப் போவது?" என்று நகுவாரும் நம்மிடை உளர்.

அணிக்கலை நகைத்தற்குரியதன்று. கடலாடு காதையில் மாதவி பூண்ட கலன்களை அடி முதல் முடி வரை முறையாக எண்ணிக் கூறினார் இளங்கோவடிகள். துறவியாகிய பெரும்புலவர்க்கே அது பாடுபொருளாயிற்று எனின், நமக்கு அதில் இழுக்கென்னை?

தைப்பது வேறு, உருவமைப்பது வேறு. 2025 ஜூன் மாதம் மிலான் நகரத்துக் காட்சியில், பிராடா என்னும் இத்தாலிய நிறுவனம் நம் நாட்டுக் கோலாப்பூர்ச் செருப்பையொத்த காலணிகளை வைத்தது. அச்செருப்போ 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கண்டனம் எழுந்த பின்னரே அவ்வடிவம் இந்தியக் கைவினையினின்று வந்ததென அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் செய்த கை இங்கே; பெயரும் விலையும் அங்கே! வரையவும், விலை மதிக்கவும், தம் பொருளைத் தம் பெயரால் விற்கவும் கற்றவர் நம்மிடைப் பலராதல் வேண்டும்.

பினாங்கில் பிறந்த ஜிம்மி சூ என்பார் செருப்புத் தைப்பாரின் மைந்தர். பதினோராம் ஆண்டிலேயே தந்தையாரிடம் தொழில் பயின்றவர். அவ்வளவில் அமையாது இலண்டன் சென்று, உணவுச்சாலையில் ஊழியம் செய்தும் தொழிற்சாலையைத் துப்புரவு செய்தும் படித்து, 1983-இல் கார்ட்வெய்னர்ஸ் கல்லூரியில் தேறினார். பின்னர் அவர் பெயர் உலகெங்கும் பரவியது. குலத்தொழிலின் கைப்பழக்கமும் கலாசாலைப் பயிற்சியும் கூடியதன் பயன் இது.

1887-இல் தோல்தொழிற் பள்ளியாகத் தோன்றிய அக்கல்லூரி, 2000-இல் இலண்டன் ஃபேஷன் கல்லூரியோடு இணைந்தது. இத்தாலியில் பிளாரன்சு நகரத்துச் சாந்தா குரோச்சே மடத்தில், போரினால் அனாதைகளான சிறுவர்க்குக் கைத்தொழில் அளிக்க 1950-இல் ஒரு தோற்பள்ளி தொடங்கினர். இன்று பன்னாட்டாரும் ஆங்குக் கற்கின்றனர். முதலில் தாளில் வரைந்து, அட்டையில் வெட்டி, பின்னரே தோலில் கத்தி வைப்பர். மடிக்குமிடத்தில் தோலின் ஓரத்தை மெல்லிதாகச் சீவுவர். சீவாக்கால் மடிப்புத் தடிக்கும். அந்நாட்டுத் தஸ்கனியில் மரப்பட்டைச் சாற்றால் தோல் பதனிடுவர். நம் நாட்டிலும் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் முன்னரே கப்பலேறியதன்றோ?

இனித் தடைகளை ஆராய்வோம். காலம் வீணாகும் என்பர். கல்வியின்பொருட்டுப் பிரிதலைத் தொல்காப்பியனார் உடன்பட்டு, அது மூன்றாண்டைக் கடவாதென எல்லையும் வகுத்தார். இவள் வேண்டுவது ஓராண்டே. பெண் கடல் கடத்தலை அந்நூல் விலக்கிற்றன்றோ எனின், அது பழஞ்செய்யுள் வழக்கைக் கூறியதேயன்றி இக்கால மகளிர்க்கு இட்ட விலங்கன்று. திருமணம் தள்ளுமே என்னும் பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம்: கற்ற கலையை ஏளனம் செய்யும் மருமகன் கிடைக்காமற் போவது இழப்பன்று.

பணத்தடை மெய்த்தடையே, அதனை மறைத்தல் தகாது. ஆங்கில நாட்டில் பட்டப்படிப்பு மாணாக்கர் பாடநாட்களில் வாரத்திற்கு 20 மணிக்கு மேல் ஊதிய வேலை செய்தல் கூடாது. ஆகவே, போய்ச் சம்பாதித்துப் படிக்கலாம் என்று நம்பி வீட்டை அடகு வைத்தல் பேதைமை. சம்பளமும் செலவும் ஓராண்டிற்குக் கையில் வைத்தே புறப்படுக. உத்தியோகத்தை அறவே துறக்குமுன் சம்பளமில்லா விடுமுறை கிடைக்குமோ எனக் கேட்க. சென்னையிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதலும், தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் 1995 முதலும் உள்ளன. இங்குக் கற்கக்கூடியதை இங்கே கற்று, எஞ்சியதற்கே கடல் கடக்க. பட்டத்தின் பெயருக்காக மட்டும் செல்வார் செல்லாதிருத்தலே நன்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பள்ளியினின்று இடையறாது படிப்பார்க்கே கடன் என்னும் நம் நிதியின் விதி, உழைத்துச் சேமித்த பின் கற்க விழைவாரைப் புறத்தே நிறுத்துகின்றது. இவ்விதியைத் திருத்துக. கடன் பெறுவோர் மீண்டபின் ஐந்தாண்டில் தவணையாய்த் திருப்புக. விடுமுறை நாட்களில் நம் சிறார்க்குத் தாம் கற்றதைக் கற்பிக்க. ஒருவர் கொணரும் வித்தை பத்து வீட்டில் அடுப்பெரிக்கும். அம்மகளின் விண்ணப்பம் இன்று மாலை நிர்வாகக் குழுவின்முன் வருகின்றது. உறுப்பினர்கள் நகைப்பை விடுத்து, கணக்கைப் பார்த்து, நல்ல முடிவு செய்வாராக.