ஓயாத சுருதி

தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த விடியற்காலை நினைவிருக்கும். பெரட்டுக்குப் புறப்படும் முன்பே பால்மரக் காட்டில் சில்வண்டுகள் இரைந்துகொண்டிருக்கும். அதை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. ஆனால், நின்றுவிட்டால் உடனே தெரியும். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களை விட்டு ஈப்போவில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்த பெரியவர்கள், "இங்க தூக்கமே வரமாட்டேங்குது" என்று சொல்வதுண்டு. மோட்டார் சைக்கிள் சத்தம் ஒரு காரணம். பழகிய அந்த இரைச்சல் இல்லாததும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று அந்த இரைச்சலைப் போலவே கூடவே இருக்கும் இசையைச் செய்கிறார்கள். பாட்டு இல்லை, பெரும்பாலும் தாளமும் இல்லை. மின்னணுக் கருவியில் ஓர் ஒலி மெல்ல எழும், நீளும், கரையும். மேல்நாட்டில் இதற்கு 'ஆம்பியன்ட்' என்று பெயர். பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர் 1975-இல் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தார். பார்க்க வந்த தோழி கொடுத்த யாழிசைத் தட்டை எப்படியோ ஓடவிட்டுப் படுத்துவிட்டார். சத்தம் மிகக் குறைவு. எழுந்துபோய்க் கூட்டவும் உடம்பில் தெம்பில்லை. மழையோசையைப் போல இசையும் அறையோடு கலந்து கிடக்கலாம் என்பது அன்றுதான் அவருக்குப் புலப்பட்டதாம்.

நமக்கு இது புதிதா? தம்புராவை நினைத்துப் பாருங்கள். நான்கு தந்திகள், ஒரே சுருதி. பாடுகிறவர் அதன்மேல் சாய்ந்துகொள்கிறார். பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற புல்லாங்குழல் கலைஞர், தாமே பொறியியலாளர் என்பதால், மின்னணுத் தம்புராவைச் செய்தார்; அவருடைய ராடெல் நிறுவனம் 1979-இல் தோன்றியது.

சீனக் கோயில்களில் ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்ப ஓதும் சிறு பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டுச் சாமி மேடையிலும் 'ஓம்' ஒலிக்கும் பெட்டி உண்டு. பெய்ஜிங்கில் எஃப்.எம். 3 என்ற இருவர் குழு, அதே மாதிரிப் பெட்டிக்குள் மந்திரத்துக்குப் பதிலாகத் தங்கள் இசைத் துண்டுகள் ஒன்பதை வைத்து 2005-இல் விற்றது. 'புத்தர் இயந்திரம்' என்று பெயர். நிறுத்தும்வரை ஒரு துண்டே சுழன்றுகொண்டிருக்கும். கைக்குள் அடங்குகிற பெட்டிதான்! அதை வாங்கியவர்களில் ஈனோவும் ஒருவர்.

இந்தியாவிலும் பழைய புதையல் ஒன்று கிடைத்திருக்கிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-இல் மூக் என்ற மின்னணு இசைக் கருவி வந்து இறங்கியது. 1972 வரை அங்கே பதிவான ஒலிநாடாக்கள் 2023-இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. அவற்றில் கீதா சாராபாயின் ஆக்கமும் உண்டு. இசை எதற்கு என்று கேட்ட அமெரிக்க இசைஞர் ஜான் கேஜிடம், மனத்தை அமைதிப்படுத்தத்தான் என்று தம் குரு சொன்னதை எடுத்துரைத்தவர் இந்த அம்மையார்தான்.

இவற்றில் சில எனக்கு அலுப்பூட்டின என்பதையும் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். பிள்ளைகளின் கைப்பேசியிலேயே தம்புரா ஒலி கிடைக்கிறது. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால் கிளினிக்குக்குத்தான் போகவேண்டும், இது மருந்தன்று. இரவு வேலை முடித்து வந்த மகன் பகலில் தூங்கும் வீட்டில் வைத்துப் பாருங்கள். அடுப்பில் சோறு கொதிக்கும் சத்தம் அதற்கு மேலே கேட்கவேண்டும். அளவு அவ்வளவுதான்.