மணலுக்குப் பிறகே நோட்டுப் புத்தகம்



அங்கன்வாடிப் பணியாளர்களும் குழந்தைநல மருத்துவர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் தமிழாசிரியர்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனம் நிறைகிறது. சின்னப் பிள்ளையின் கையும் காலும் கண்ணும் எப்படி ஒன்றோடொன்று இசைந்து பழகுகின்றன என்பது நம் எல்லாருக்கும் பொதுவான கேள்வி. ஆனால் அதை ஆஸ்பத்திரியிலும் வகுப்பிலும் சத்துணவுக் கூடத்திலும் தனித்தனியாகவே இதுவரை சந்தித்துவந்திருக்கிறோம்.

இந்தக் கருத்தரங்கு வேடந்தாங்கலில் கூடுவது மிகப் பொருத்தம். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே, பறவைகளைச் சுடக்கூடாது என்று செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் உரிமை கேட்டு வாங்கிய ஊர் இது. தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அவர்களுக்கு உண்டு. பறவைக்கு ஏரியை விட்டுக்கொடுத்த மாவட்டம், பிள்ளைக்கு ஒரு துண்டு மண்தரையை விட்டுக்கொடுக்க வேண்டும். ஐந்து வயதுக்குள் பிள்ளையின் உடல் தானாக ஓடி, விழுந்து, எழுந்து கற்பதை எந்தப் பயிற்சி ஏட்டாலும் ஈடுசெய்ய முடியாது. நான் சொல்ல வந்தது இதுதான்.

நம் தொண்டை நாட்டுக்கு இது புதிய செய்தி அல்ல. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு மருத நிலத்து வீடு வருகிறது. தச்சர் வீட்டுப் பையன்களே ஆசைப்படும்படி செய்த சிறுதேர் அங்கே இருக்கிறது. ஏறி ஊர்வதற்கான தேர் அல்ல, உருட்டுவதற்கான தேர். தளர்நடைப் பிள்ளைகள் அதை உருட்டி உருட்டிக் களைத்து, பால் குடித்துவிட்டுத் தூங்கிப் போகிறார்கள். உருளும் வண்டி, அதைத் தள்ளும் கை, பின்னாலேயே போகும் கால், பிறகு நல்ல தூக்கம்: கடியலூர் உருத்திரங்கண்ணனார் நம் துறைக்கு வேண்டிய அத்தனையையும் பார்த்திருக்கிறார்.

பிள்ளைத்தமிழ்ப் பருவங்களையும் இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். செங்கீரையில் ஐந்து மாதக் குழந்தை கைகளைத் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, தலையை நிமிர்த்தி ஆடுகிறது. குழந்தையைக் குப்புறக் கிடத்திக் கழுத்தும் தோளும் வலுப்பெற விடுங்கள் என்று மருத்துவர் இன்று சொல்வதன் அடுத்த படி அது. சப்பாணியில் இரண்டு கையும் உடலின் நடுவே வந்து சேர்ந்து கொட்டுகின்றன. வருகையில் எழுந்து நடக்கிறது. ஆண்பாலுக்குச் சிறுபறையும் சிறுதேரும், பெண்பாலுக்கு அம்மானையும் ஊசலும். கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து கை, பிறகு கால், பிறகு கருவியோடு கூடிய ஆட்டம் என்று வரிசை பிசகாமல் போகிறது.

இந்த வரிசையைக் காலண்டரில் கட்டிவைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளை நடந்துவிட்டதே என்று தாய்மார் கவலைப்பட வேண்டாம். இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. நன்றாக வளரும் குழந்தைகளே தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்திருக்கிறது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் தவழாமலே நடந்துவிட்டன.

நடைவண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். திருவிழாக் கடையில் விற்கும் மூன்று சக்கர மர நடைவண்டியைப் பிள்ளை தானே பிடித்து எழ வேண்டும். எடையைத் தன் காலில் தாங்க வேண்டும். வண்டி ஓடினால் தானும் ஓட வேண்டும், இல்லையென்றால் உட்கார்ந்துவிட வேண்டும். இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்ட, நடுவில் துணி இருக்கை வைத்த பிளாஸ்டிக் வாக்கர் அப்படியல்ல. அதில் பிள்ளை தொங்குகிறது, கால் நுனியால் உந்துகிறது, தன் பாதத்தையே பார்க்க முடியாமல் போகிறது. விழாமல் இருப்பதற்குத் தேவையான எதையும் அந்த உடல் கற்பதில்லை. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்டவை ஏராளம் என்பதால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. பிறந்தநாளுக்கு வாக்கர் வாங்கிவரும் தாத்தா பாட்டியிடம் நாம் அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து ஆட்டங்கள். தட்டாமாலை சுற்றும் பிள்ளை நின்ற பிறகும் உலகம் சுற்றுவதாகச் சிரிக்கிறது. உட்செவிக் குழாய்களில் உள்ள நீர் இன்னும் சுழன்றுகொண்டிருப்பதே காரணம். கண் ஒன்று சொல்ல, செவி வேறொன்று சொல்ல, பாதம் மூன்றாவதாக ஒன்று சொல்ல, மூன்றையும் சமன்செய்யச் சிறுமூளை பழகுவது அந்தச் சில நொடிகளில்தான். பாண்டி ஆட்டத்தில் சில்லை எறிந்து, கோட்டை மிதிக்காமல் ஒற்றைக் காலில் தாவி, அதே காலில் நின்றபடி குனிந்து சில்லை எடுக்க வேண்டும். நான்கு வயதில் இரண்டு தாவல் வந்தாலே பெரிய காரியம். கீழடி அகழாய்வில் நூற்றுக்கணக்கில் கிடைத்த சுடுமண் வட்டச் சில்லுகளைப் பார்க்கும்போது, இந்த மண்ணில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகளின் கால்கள் இப்படிப் பழகியிருக்கும் என்று நெஞ்சு விம்முகிறது.

தட்டாங்கல் இன்னும் நுட்பமானது. ஒரு கல்லை மேலே போட்டு, அது இறங்குவதற்குள் தரையில் கிடப்பதை அள்ளி, அதே கையால் விழும் கல்லையும் ஏந்த வேண்டும். கண் மேலே நிற்கிறது. விரல்கள் கீழே பார்க்காமலே தேடுகின்றன. ஒன்றொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, கடைசியில் நான்கையும் ஒரே வாரலில். ஆறேழு வயதுக்குரிய ஆட்டம் இது. மூன்று வயதுக்குக் கீழே கூழாங்கல்லே கூடாது, வாயில் போட்டுக்கொள்ளும். அவர்களுக்கு ஈர மணலைப் பிசைவதும் தண்ணீரைச் சொம்பிலிருந்து சொம்புக்கு ஊற்றுவதும் போதும்.

எனக்கு ஆற்றாமை தருவது எல்.கே.ஜி. நோட்டுதான். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. மூன்று வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் பாதிகூடத் தெரியாது. மற்றவை இன்னும் குருத்தெலும்பு. தோளே உறுதிப்படாத அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோடுகளுக்குள் எழுது என்கிறோம். எழுத்துக் கோணினால் அடிக்கிறோம். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் முறையில் பிள்ளைகள் தரையில் வரைந்த கோட்டின்மேல் பாதம் பிசகாமல் நடந்து பழகுகிறார்கள். கோட்டில் நடக்கத் தெரிந்த பிறகு கோட்டில் எழுதட்டுமே! ஒன்று முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிட உடல் அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நம் மழலையர் வகுப்புகளில் அவ்வளவு நேரம் பிள்ளைகளைக் கைகட்டி உட்கார வைத்திருக்கிறோம்.

எவ்வளவு விளையாடினாலும் உடல் இசையாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேர். அறிவில் குறையிருக்காது, ஐந்து வயதாகியும் ஒற்றைக் காலில் நிற்க வராது, பொத்தான் போட வராது. சோம்பேறி என்று பட்டம் கட்டிவிடுகிறோம். அவர்களைக் கண்டறிந்தால் அனுப்ப, முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. தெரு ஆட்டத்திலும் இவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வார்கள். அவுட் கிடையாது, ஆட்டம் முழுக்க ஓடலாம். அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைக்கு அதிக வாய்ப்பு தரும் ஏற்பாடு அது. பெயர் உறுத்துகிறதென்றால் மாற்றிக்கொள்ளுங்கள், வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு நாள் முடிவில் இந்த அவை இரண்டு கோரிக்கைகளையாவது எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் சுற்றுவேலிக்குள் நிழலோடு கூடிய ஒரு மணல் தரை. ஐந்து வயது முடியும்வரை எழுத்து வீட்டுப்பாடம் இல்லை என்ற உத்தரவு. முதலாவதற்குச் செலவு உண்டு. பக்கத்து ஊராட்சித் தலைவர்கள் இங்கேயே இருப்பதால் இன்றே பேசலாம். இரண்டாவதற்குச் செலவே இல்லை.

முதல் அமர்வு பந்தலில் அல்ல, பின்புற மரத்தடியில். மதுராந்தகம் பக்கத்து அங்கன்வாடிப் பணியாளர்கள் தங்கள் பிள்ளைகளோடு ஆடிக்காட்டப் போகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.