முதியோர்க்கு ஏற்ற இல்லம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வீடு' என்னும் சொல் 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இலக்கணம் கூறும். நாம் குடியிருக்கும் இடத்திற்கும், பற்றற்ற விடுதலைக்கும் தமிழ் இந்த ஒரு சொல்லையே வழங்குகிறது. எழுபது வயதைக் கடந்த ஒருவர் தம் குளியலறைக்குச் செல்லவும் அஞ்சும் இடமாக அது மாறிவிட்டால், அப்பெயர் அதற்குப் பொருந்துமா?

உலகில் விபத்துக் காயங்களால் நேரும் இறப்புகளுள் சாலை விபத்துக்கு அடுத்த நிலையில் இருப்பது கீழே விழுதலே என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் இவ்வாறு உயிரிழக்கின்றனர். அவர்களுள் அறுபதைக் கடந்தோரே மிகுதி. உயிர் பிழைத்தவர்க்கும் இடுப்பெலும்பு முறிந்துவிட்டால் பழைய நடை திரும்புவது அரிது.

முதுமையில் கண் மங்குகிறது, கால் தசை மெலிகிறது, எலும்பு வலுவிழக்கிறது. படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றுகிறது. உறங்கவும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கவும் உண்ணும் மாத்திரைகள் சில இத்தடுமாற்றத்தை மிகுவிக்கும். எனவே, விழித்தவுடன் கட்டிலின் விளிம்பில் ஒரு நிமிடம் அமர்ந்து, கால்களை நிலத்தில் நன்கு ஊன்றிய பின்னரே எழுதல் வேண்டும்.

இனி, கட்டிலிலிருந்து கழிவறை வரையுள்ள வழியைப் பாருங்கள். இரவில் பலமுறை எழுவோர்க்கு இதுவே ஆபத்தான வழி. அவ்வழியில் இரவு முழுதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும். மின்வெட்டு நேருமாதலின் கைவிளக்கு ஒன்று தலைமாட்டிலேயே இருக்கட்டும். நழுவும் கால்மிதி, சுருண்ட பாய், குறுக்கே கிடக்கும் மின்கம்பி ஆகியவற்றை அகற்றுங்கள்.

குளியலறையில் வழுவழுப்பான தரை வேண்டா. சொரசொரப்பான ஓடு பதியுங்கள். தடுமாறும்போது கை பற்றுவது துண்டு போடும் கம்பியையும் தண்ணீர்க் குழாயையுமே. அவை உடலின் எடையைத் தாங்கா. சுவரில் உறுதியாகப் பொருத்திய கைப்பிடி, கழிப்பிடத்தின் அருகில் ஒன்றும் குளிக்கும் இடத்தில் ஒன்றுமாக வேண்டும். உட்கார்ந்து குளிக்க வழுக்காத முக்காலி ஒன்று போதும். வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளே கதவுக்கு ஏற்றது.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் நிலைப்படி உயரமானது. முற்றத்துக் கல்லோ மழையில் வழுக்கும். படியின் விளிம்பில் பளிச்சென்ற வண்ணக்கோடு இடுங்கள். பக்கத்தில் கைப்பிடி அமையுங்கள். சாய்தளம் கட்டுவோர் ஓர் அங்குல உயரத்திற்கு ஓர் அடி நீளம் என்னும் கணக்கைக் கொள்க. ஆறங்குலப் படிக்கு ஆறடிச் சாய்தளம். அதனினும் குறுகினால் சாய்தளமே சறுக்குமரமாகிவிடும். அன்றாடம் புழங்கும் பாத்திரத்தைப் பரணில் வைக்காமல் இடுப்பளவு உயரத்தில் வையுங்கள்.

ஒருவேளை விழுந்துவிட்டால் பதறிக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கலாகாது. இடுப்பில் வலியோ, எழ இயலாமையோ இருப்பின் அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லையெனினும் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. பெரியவர்கள் பலர் விழுந்ததை வெளியே சொல்வதில்லை. சொன்னால், "இனிக் கோயிலுக்குப் போகாதீர்கள், மாடிக்கு ஏறாதீர்கள், ஓரிடத்தில் உட்காருங்கள்" என்று பிள்ளைகள் கட்டளை இடுவார்கள் என்னும் அச்சமே காரணம். அன்பினால் சொல்வதுதான், ஆயினும் நடவாத கால் மேலும் மெலியும், மெலிந்த கால் மீண்டும் விழச் செய்யும். ஆதலால், நடையைத் தடுக்காதீர்கள். நடக்கும் வழியைச் செப்பஞ் செய்யுங்கள். எதை எங்கே மாற்றுவது என்று முதலில் அவர்களையே கேளுங்கள். கேளாமல் மாற்றி வைத்த நாற்காலியும் இருளில் இடறும்.

அறுபதைக் கடந்த என் ஒத்த வயதினர்க்கும் ஒரு வேண்டுகோள். கண்ணாடி அணிய நாணாத நாம் ஊன்றுகோல் ஏந்த ஏன் நாண வேண்டும்? விழுந்தால் மறையாமல் சொல்லுங்கள். தனித்து வாழ்வோர் அடுத்த வீட்டாரிடம் ஒரு சாவி கொடுத்து வையுங்கள்.

சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரிந்து, விழாவிற்காக ஊர் வந்துள்ள இளைஞர்களே! மாதந்தோறும் பணம் அனுப்புகிறீர்கள், நன்று. இன்றிரவு ஊர் அடங்கியபின், உங்கள் தாய் தந்தையுடன் கட்டிலிலிருந்து கழிவறை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். அவர் கை எதைத் தேடுகிறது, கால் எங்கே தயங்குகிறது என்று கவனியுங்கள். திரும்பிச் செல்லுமுன் அந்த இடத்தில் ஒரு கைப்பிடியும் ஒரு விளக்கும் பொருத்திவிடுங்கள்.

சிற்றுயிரும் மிதிபடலாகாது என்று நிலம் நோக்கி அடிவைக்கப் பழகியவர் நம் பெரியோர். அவர்தம் கண் மங்கிய காலத்தில், அவர் அடிவைக்கும் நிலத்தை நாம் நோக்கிச் செம்மை செய்தல் நம் கடமை.