ஆண்டிறுதியில் ஆசிரியர் ஆலோசனை



மாத்தளை நகரிலிருந்து வடக்கே தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் இரு பழம்பெரும் இடங்கள் உள்ளன. முதலாவது, நகருக்கு அணித்தேயுள்ள அலுவிகாரை. அதுவரை வாய்மொழியாகவே காக்கப்பட்டு வந்த பௌத்த மறைகள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பெற்றது இங்கேதான் என்பது மரபு. பஞ்சமும் போரும் நாட்டை அலைக்கழித்த காலம் அது. மனனஞ் செய்தவர் மாண்டால் மறையும் உடன் மாளும் என்று அஞ்சிய துறவியர் எழுத்தாணியைக் கையிலெடுத்தனர்.

இரண்டாவது, மாத்தளையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவில், நாலந்தாவில் நிற்கும் கெடிகே என்னும் கற்கோயில். பௌத்தர்களின் வழிபாட்டிடமாயினும் தென்னகத்துத் திராவிடக் கட்டட முறையில் அமைந்தது. மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் அது மூழ்கும் நிலை வந்தபோது, 1970களில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, 1980ஆம் ஆண்டளவில் மேட்டு நிலத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. எந்தக் கல் எங்கே இருந்தது என்ற அறிவு கைவசம் இராவிடின் அவ்வேலை நடந்திராது.

எழுதிவைத்தல் ஒன்று, பிரித்துப் பார்த்து மீள அடுக்குதல் மற்றொன்று. ஆண்டு முடிவில் ஒரு பாடசாலையின் ஆசிரியர்கள் கூடியிருந்து செய்ய வேண்டிய பணியும் இவ்விரண்டே.

நமது நாட்டின் வழமையான நாட்காட்டிப்படி மூன்றாந் தவணை டிசெம்பரில் நிறைவுறும். விடைத்தாள்கள் திருத்தப்பட்டு, புள்ளிகள் பதியப்பட்டு, முன்னேற்ற அறிக்கைகள் பெற்றோர் கையைச் சேரும். ஆசிரியர்களின் வருடாந்த இடமாற்றங்கள் பெரும்பாலும் ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வருவன. ஆகவே, ஒரு வகுப்பை ஓராண்டு முழுவதும் அறிந்திருந்த ஆசிரியர் சில வாரங்களில் வேறோர் ஊரில் இருப்பார். அவர் விட்டுச் செல்வது புள்ளிப் பதிவேடு. கொண்டு செல்வது, அப்பிள்ளைகளைப் பற்றிய அறிவு.

இவ்விழப்பு நகரத்துப் பெரிய கல்லூரியில் அவ்வளவாகத் தெரியாது. ஒரு பாடத்தைக் கற்பிக்க அங்கே ஐவர் இருப்பர்; ஒருவர் போனால் நால்வர் எஞ்சுவர். நாவுல, நாலந்தா போன்ற ஊர்ப்புறங்களிலும் மலையகத் தோட்டப்புறங்களிலும் உள்ள சிறிய பாடசாலைகளிலோ, கணிதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர் என்ற அளவே பெருஞ்செல்வம். அந்த ஒருவர் மாறிச் சென்றால் வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் பிள்ளைகளை அறிந்துகொள்வதற்குள் முதலாந் தவணை கழிந்துவிடும்.

இடைநிலை வகுப்புகளில் இது இன்னும் கூர்மையடைகிறது. ஐந்தாந் தரம் வரை பெரும்பாலும் ஒரே வகுப்பாசிரியரின் கண்பார்வையில் வளர்ந்த பிள்ளை, ஆறாந் தரத்தில் பாடத்துக்கு ஓர் ஆசிரியரைக் காண்கிறது. ஒவ்வொருவருக்கும் பிள்ளையின் ஒரு பகுதி தெரியும். முழுப்பிள்ளையை அறிந்தவர் எவருமில்லை. வாசிக்கத் தடுமாறும் சிறுவனைக் கணித ஆசிரியர் கணக்கு வராதவன் என்றும், வரலாற்று ஆசிரியர் சோம்பேறி என்றும் எண்ணிவிடலாம். இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசினாலன்றி, குறை வாசிப்பில் உள்ளது என்பது வெளிப்படாது.

அவ்வாறு அமரும்போது பேசத்தக்கவை யாவை? மூன்று வினாக்கள் போதும். எந்தப் பாடப்பகுதி கற்பிக்கப்படாமல் எஞ்சியது? கற்பித்தும் எது பிள்ளைகளுக்கு விளங்கவில்லை? எந்தப் பிள்ளை, எக்காரணத்தால், பின்தங்கியது?

இரண்டாவது வினாவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொன்னால், மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதும் மாணவர் எங்கும் உளர். பதிவேட்டில் அது வெறும் பூச்சியம். பிழையை அறிந்த ஆசிரியரோ, “அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, விடை அரையிலும் குறைந்தது எப்படி?” என்று கேட்பார். ஒரு பாணைத் துண்டாக்கிக் காட்டுவார். பிள்ளை தானே தன் பிழையைக் காணும். அந்தக் கேள்வியும் அந்தப் பாண் துண்டும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் இரண்டு வரியாக எழுதப்படின், அடுத்த ஆண்டு வருபவருக்கு அதைவிடப் பெரிய சீதனம் வேறில்லை.

வாண்மை விருத்தி என்று இன்று பேசப்படுவதன் உயிர்நிலையும் இதுவே. 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய கல்வி நிறுவகம் மகரகமையில் இயங்குகிறது. சேவைக்காலப் பயிற்சிகள் நடைபெறுகின்றன. ஆசிரிய ஆலோசகர்கள் வகுப்பறைகளுக்கு வருகிறார்கள். இவை வேண்டியவையே. ஆயினும் பயிற்சி என்பது வெளியூர் சென்று சான்றிதழோடு திரும்புவது மாத்திரமன்று. பாடசாலையிலேயே ஆசிரியர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கலாம் என்பதைக் கல்வித் திணைக்களத்தாரும் ஏற்று, பாடசாலை மட்ட வாண்மை விருத்தி என்று அதற்கு இடமளித்துள்ளனர். யப்பானிய ஆசிரியர்களிடையே இது நெடுங்காலப் பழக்கம். ஒருவர் பாடம் நடத்த, ஏனையோர் இருந்து கவனிப்பர். பின்னர் கூடி, நடத்தியவரை விட்டு, நடத்திய பாடத்தைப் பற்றி ஆராய்வர். ஆளைக் குறை கூறாத இடத்தில்தான் ஆள் தன் குறையைத் தானே சொல்வான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஆண்டு முழுவதும் உழைத்துக் களைத்த ஆசிரியர், தூரத்து வீட்டுக்குச் செல்ல பஸ்ஸை எண்ணிக்கொண்டிருக்கும் வேளையில், இன்னுமொரு கூட்டமா? படிவங்களை நிரப்பி வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பி, பிரதியை அலுமாரியில் பூட்டிவைப்பதுதானே முடிவு? இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. மேலிடத்தின் திருப்திக்காக வரையப்படும் முப்பது அம்சத் திட்டம் முதல் மாதத்திலேயே மறக்கப்படுகிறது. அதனினும், தம் பிள்ளைகளை மனத்திற்கொண்டு, அதிபரும் ஆசிரியரும் சேர்ந்து தெரிந்தெடுத்த மூன்றே மூன்று காரியங்கள் மேலானவை. ஆறாந் தரத்தார் அனைவரும் முதலாந் தவணைக்குள் தடையின்றி வாசிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்றாகலாம். யார் செய்வது, எப்போது பார்ப்பது என்பதும் அன்றே தீர்மானிக்கப்பட வேண்டும்.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததை எவரும் மறந்திரார். பிள்ளைகள் வயதுப்படி மேல்வகுப்புக்கு ஏறினர். விடுபட்ட பாடங்கள் கீழேயே நின்றன. எது விடுபட்டது என்று எழுதிவைத்த ஆசிரியரின் மாணவருக்கு அவை பின்னர் ஈடுசெய்யப்படும் வாய்ப்பாவது இருந்தது.

ஜனவரி மாதத்தில் ஒரு காலை, அறியாத ஊரில், அறியாத நாற்பது முகங்களுக்கு முன்னே ஒரு புதிய ஆசிரியை நிற்பார். மேசையில் முன்னவர் எழுதிய குறிப்புப் புத்தகம் ஒன்று இருக்குமாயின், அவர் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடும்போதே சில பிள்ளைகளை அறிந்தவராக இருப்பார். அந்தப் புத்தகம் அங்கே இருப்பதும் இல்லாததும் டிசெம்பரில் ஆசிரியர் கூடிய அந்த இரண்டு நாட்களைப் பொறுத்தது.