ஆயா நின்று கேட்ட பாட்டு

'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' மூன்றும் 1961இல் வந்தவை. மூன்றுக்கும் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாட்டு. சிப்காட் வேலைக்காக மூக்கண்டப்பள்ளியில் குடியேறிய எங்கள் வீட்டிலும் இன்றுவரை ஓடுகின்றன. எனக்கும் உயிர்தான். 'அது பொற்காலம்' என்று யாராவது பெருமூச்சு விடும்போதுதான் உறுத்துகிறது.

அன்று ரேடியோ வைத்துக்கொள்ளவே லைசென்ஸ் வேண்டும். எங்கள் சேரியில் யாரிடமும் ரேடியோ இல்லை. என் ஆயா பாட்டுக் கேட்டது ஊர் டீக்கடை வாசலில், குடித்த தனிக் குவளையைத் தானே கழுவி வைத்துவிட்டு, நின்றபடி. 'பாவ மன்னிப்பு' படத்தில் டி.எம்.எஸ்.ஸும் நாகூர் ஹனிபாவும் சேர்ந்து பாடியது வந்தால், விரட்டினாலும் நகரமாட்டாளாம்.

சாகும்வரை அதை முணுமுணுத்தாள். அந்தக் கடையைப் பற்றிக் கேட்டால் மட்டும் பாட்டு நின்றுவிடும்.