ஆண்டுக் கணக்கும் அமானத்தும்

(வணிகர்களுக்கான மார்க்க விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

வருமான வரி பற்றிப் பேச ஆடிட்டர் இருக்கையில் ஆலிமுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். படிவத்தை நிரப்புவது ஆடிட்டரின் பணிதான். ஆனால் அப்படிவத்தின் இறுதியில், இதிலுள்ள விவரங்கள் உண்மையானவை, முழுமையானவை என்று ஓர் உறுதிமொழி இருக்கின்றது. அதனை அளிப்பவர் கடை முதலாளி. அஃது ஒரு சாட்சியம். பொய்ச் சாட்சியம் பெரும்பாவங்களில் ஒன்று என்பதை மதரஸாவில் முதலாண்டு ஓதும் மாணவனும் அறிவான். எனவே 'வரிக்கு ஒரு நோட்டு, நமக்கு ஒரு நோட்டு' என்னும் பழக்கம் பள்ளிவாசலில் பேச வேண்டிய விஷயமே ஆகும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது தொழுகையைப் பற்றியதன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. கைக்குக் கை நடைபெறும் ரொக்க வியாபாரத்தை எழுதாவிடில் குற்றமில்லை என்ற சலுகையும் அதிலேயே உண்டு. இதனைக் காட்டி, 'எங்களுக்கு நோட்டே தேவையில்லை ஹஜ்ரத்' என்று வாதிடுவோரும் நம்மிடையே உள்ளனர். அச்சலுகை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலானது. ஆண்டு முடிவில் ஜகாத்தைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டிய கடமையிலிருந்து அஃது எவரையும் விடுவிக்காது.

நம் கடைவீதியின் பெரிய நோய், கல்லாவே வீட்டுப் பணப்பெட்டியாகவும் இருப்பதுதான். மகளின் கல்லூரிக் கட்டணம், திருமண மொய், மருத்துவச் செலவு அனைத்தும் அதிலிருந்தே போகின்றன. அரிசியும் எண்ணெயும் கடையிலிருந்தே வீட்டுக்குச் செல்கின்றன. எழுதுவார் இல்லை. ஆண்டு முடிவில் இலாபம் எவ்வளவு என்று கேட்டால், 'ஏதோ அல்லாஹ் ஓட்டுகிறான்' என்பதே பதில்! இறைவனின் அருளைப் பற்றிய நன்றிக்கு அது சரியான சொல். கணக்குக்குச் சரியான சொல் அன்று. கடைக்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்து, வீட்டுக்கு எடுக்கும் ஒவ்வொரு தொகையையும் 'சொந்தச் செலவு' என்று ஒரு வரி எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும்.

கைபேசியில் பணம் பெறும் இக்காலத்தில் இது இன்னும் அவசியம். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளின் அடிப்படையில் பெங்களூரின் சிறு கடைக்காரர் பலருக்கு நோட்டீஸ் அனுப்பியது. உறவினர் அனுப்பிய பணமும் கைமாற்றும் விற்பனையோடு கலந்து எண்ணப்பட்டன என்று வணிகர்கள் முறையிட்டனர். எது விற்பனை, எது கைமாற்று என்று காட்டுவதற்கு எழுத்து வேண்டுமல்லவா?

கைமாற்று என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வட்டியில்லாக் கடன் கொடுப்பது நன்மையான காரியம். ஆயினும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கின்றது. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கவும் இடமுண்டு. வங்கி வழியே கொடுத்து வாங்குங்கள். கூடவே ஒரு தாளிலும் எழுதிக் கொள்ளுங்கள்.

இனி, சரக்கு இருப்பு. சிறு வணிகர், விற்றுமுதலில் எட்டு சதவீதத்தை, வங்கி வழி வந்த தொகைக்கு ஆறு சதவீதத்தை, இலாபமாகக் காட்டி வரி செலுத்தும் எளிய முறை சட்டத்தில் உண்டு. அதனால் சரக்கை எண்ண வேண்டியதில்லை என்று பலர் விட்டுவிடுகின்றனர். ஜகாத்துக்கு அவ்வாறு எளிய முறை ஏதும் கிடையாது; எண்ணியே ஆக வேண்டும். வரிக் கணக்கில் மீதச் சரக்கை வாங்கிய விலை, சந்தை விலை இரண்டில் குறைந்ததற்கு மதிப்பிடுவர். ஜகாத்திலோ அன்றைய சந்தை விலையே கணக்கு. நான்கு இலட்சத்துக்கு வாங்கிய சரக்கு இன்று 4,60,000 ரூபாய் பெறுமானால் ஜகாத் 11,500 ரூபாய். வரிக்கு எழுதிய நான்கு இலட்சத்தை வைத்தே கொடுத்தால் ஏழையின் பங்கில் 1,500 ரூபாய் குறைந்துவிடும். தராசு, அலமாரி, குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு ஜகாத் இல்லை. கடனைக் கழிப்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. அவரவர் மத்ஹபின்படி கேட்டுத் தெரிந்து கொள்க.

நாளும் வேறு. வரிக்கு மார்ச் 31. ஜகாத்துக்குச் சந்திர ஆண்டு; அது ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே வந்துவிடும். ஆகவே ஒரு முறை எண்ணி இரண்டுக்கும் வைத்துக் கொள்வது நெடுநாள் நடவாது. செலுத்திய வரியை ஜகாத்தாகக் கருதவும் இயலாது. ஏழை உறவினருக்குக் கொடுத்த ஜகாத்துக்கு வரிச் சலுகையும் இல்லை. வங்கியில் விழும் வட்டியை நாம் உண்ணாமல் அப்புறப்படுத்துகிறோம். ஆனாலும் படிவத்தில் அதனைக் காட்டவே வேண்டும்.

இவை அனைத்தையும் விட நம்மை வருத்துவது வேறொன்று. கடைக்காரர் வஃபாத்தாகிவிட்டால், அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியன போகவே வாரிசுகளுக்குப் பங்கு. நோட்டு இல்லாத கடையில் யாருக்கு எவ்வளவு கடன் என்று எவரைக் கேட்பது? மூத்த மகன், 'அத்தா எனக்கே கொடுத்தார்' என்பார். தம்பி இல்லையென்பார். கணவனை இழந்த பெண் இத்தாவில் அமர்ந்திருக்க, அவர் பங்கைப் பற்றி ஜமாஅத் பஞ்சாயத்தில் ஆண்கள் சத்தமிட்டுக் கொண்டிருப்பர். நாம் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவற்றில் எவரும் திருடவில்லை, எவரும் எழுதவுமில்லை.

வருகின்ற மார்ச் 31 அன்று இஷாவுக்குப் பின் கடையைச் சாத்தி, பிள்ளைகளையும் உடன் வைத்துக் கொண்டு சரக்கை எண்ணுங்கள். ஜகாத்துக்குரிய நாளிலும் அவ்வாறே செய்யுங்கள். ஜகாத் கணக்கில் ஐயமுள்ளோர் அஸருக்குப் பின் பள்ளியில் நம்மைச் சந்திக்கலாம். வரும்போது நோட்டையும் கொண்டு வாருங்கள். வஸ்ஸலாம்.